கலியாணமும் காணியும்: கல்முனைக் கரையின் பழைய பொருளாதாரம்

ஜனங்கள் பெருகினால் வறுமை பெருகுமா, விளைவு பெருகுமா என்னும் வினா, 1798இல் மால்தஸ் பாதிரியார் தமது ஜனத்தொகைக் கட்டுரையை வெளியிட்ட நாள்தொட்டு, இயந்திரத் தொழிலுக்கு முற்பட்ட சமுதாயங்களை ஆராய்வோரை இரு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறது. தானியத்தின் வளர்ச்சியை மிஞ்சி மனிதர் பெருகுவர் என்றும், பசியும் பிணியும் அப்பெருக்கத்தைத் தானியத்தின் அளவுக்கு இறக்கிவிடும் என்றும் அவர் கொண்டார். 1348ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவை வாட்டிய கொள்ளைநோய்க்குப் பின், உயிர் தப்பிய கூலியாட்களின் ஊதியம் காலப்போக்கில் உயர்ந்தமை அவர் கட்சிக்கு வலிய சான்று. 1965இல் டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்டர் போஸ்ரப் அம்மையார் இதற்கு நேர்மாறாக, ஜன நெருக்கமே உழவரைத் தரிசுக் காலத்தைச் சுருக்கவும், ஒரு போகத்தை இருபோகமாக்கவும் உந்துகிறது என்று வாதித்தார்.

அதே ஆண்டில் ஹஜ்னல் என்பார், லெனின்கிராட் முதல் திரியெஸ்த் வரை ஒரு கோடு வரைந்து, அதற்கு மேற்கே பெண்கள் பிந்தி மணம் புரிந்தனர், பலர் மணம் புரியாமலே இருந்தனர் என்று காட்டினார். தனிக்குடித்தனத்துக்கு வழி பிறக்கும்வரை விவாகம் காத்திருந்தது. ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 தேவாலயப் பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்டு 1981இல் வெளியிட்ட நூலும், இங்கிலாந்தில் ஜனப்பெருக்கத்தை அடக்கியது மரணத்தைவிட விவாகமே என்று நிறுவிற்று. விவாகத்தைப் பொருளாதாரத்தின் நடுவே கொண்டுவந்து வைத்த இந்த ஆராய்ச்சியே நம் கரைக்கு மிகவும் உபயோகமானது என்பது என் அபிப்பிராயம்.

இலங்கையின் கிழக்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என மணற்கரையோரமாக நெருங்கிக் கிடக்கும் ஊர்களையும், அவற்றின் மேற்கே கண்ணெட்டும் தூரம் விரியும் வயல் வட்டைகளையும் பார்ப்பவர், இங்கே ஆதிமுதலே நிலப்பஞ்சம் இருந்ததென்று எண்ணக்கூடும். உண்மையில் முன்னாளில் பஞ்சமாயிருந்தவை ஆள்பலமும் நீருமே. போர்த்துக்கீசர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். நிலம் மிகுந்து கைகள் குறைந்த நாட்டில் குடிகளே அரசனுக்குச் செல்வம். ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் உழவரின் பழைய வழக்கங்களுக்குச் சட்டவலுத் தந்து, இறக்காமம், அம்பாறைக் குளங்கள் புதுப்பிக்கப்பட்ட பின்னரே மேற்கு வயல்களில் நீர் நிலைத்தது. அப்போதும் காட்டோரத்துக் காய்ச்சலுக்கு அஞ்சிய உழவர், வேளாண்மைக் காலத்தில் வயலோரக் குடிசையாகிய வாடியில் தங்கி, வெட்டு முடிந்ததும் கரைக்கே திரும்பினர்.

விளைவு எவ்வாறு பங்காயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். நிலச்சொந்தக்காரரான போடியார் விதைநெல்லும் தின்நெல்லும் முற்பணமாகக் கொடுப்பார். அவருடைய வயல் உழைப்பாளிகளான முல்லைக்காரர் வாடியிலிருந்து உழைப்பர். வட்டவிதானை நீரைப் பங்கிடுவார். வெட்டிய கதிரைச் சூடாக வைத்து, களவெட்டியில் எருமை மிதித்து முடிந்ததும், அவணக் கணக்கில் முதலில் கடன் கழியும், மிச்சமே உழைத்தவனுக்கு. ஜனத்தொகை மாத்திரம் கூலியை நிர்ணயிப்பதில்லை, நிலம் யார் கையில் என்பதே தலையானது என்று 1976இல் ராபர்ட் பிரென்னர் எழுதிய வாதம், களவெட்டியில் நின்றவருக்குப் புதிய சங்கதியன்று.

ஆயினும் இக்கரையின் விசேஷம் வீட்டுக்குள்ளே இருக்கிறது. தாய்வழிக் குடி முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இங்கே பொது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும், இயன்றால் வயலும் சீதனமாகக் கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வருவார். மூத்த மகளுக்குக் குடியிருந்த வீட்டையே எழுதிக்கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவின் ஒரு மூலையில் குடிசை போட்டு ஒதுங்குவர். அடுத்தவள் வளர்ந்ததும் வளவு மீண்டும் பிரியும். ஊர்கள் வேலிக்கு வேலி முட்டி நெருங்கியதற்கு இதுவே பெருங்காரணம். 1806இல் தொகுக்கப்பட்ட முகம்மதியச் சட்டத்தின்படி மரணத்தின் பின் பங்கிடவேண்டிய முதுசம், இங்கே பெரும்பாலும் கலியாணப் பந்தலிலேயே கைமாறிவிட்டது. இவ்வழக்கத்தை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் விரிவாக விளக்குகிறது.

ஐரோப்பாவில் வீடு இல்லாமை பெண்ணின் மணத்தைத் தள்ளிப்போட்டுப் பிறப்பைக் குறைத்தது. நம் கரையிலோ அந்தப் பாரம் சகோதரன் தலையில் விழுந்தது: தங்கைமாரைக் கரைசேர்க்காமல் அவன் மணமுடிக்க மாட்டான். இலங்கை முழுமைக்கும் 1901இல் பெண்ணின் விவாக வயது சராசரி ஏறத்தாழ 18, ஆணுடையது 24க்கும் மேல். ஆண் பிந்தி மணம் புரிவதால் பிறப்பு அதிகம் குறையாது. ஆனால் அவனுடைய இளமையின் உழைப்பு முழுவதும் சகோதரியின் சுவருக்கும் கூரைக்கும், புதிய வயல் திருத்துவதற்கும் போய்ச் சேரும். பிறந்த ஒவ்வொரு பெண்ணும் குடும்பத்தை மேற்கே ஒரு துண்டுக் காணிக்குத் தள்ளினாள். ஆகவே மால்தஸ் தடையென்று கண்ட விவாகமே இங்கு போஸ்ரப் கூறிய உந்துதலாயிற்று. உண்மையான தடை அம்மையும் வாந்திபேதியும் காய்ச்சலுமாகவே நின்றன.

அந்தத் தடை திடீரென்று தளர்ந்தது. இலங்கையில் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த மரணவிகிதம் 1946க்கும் 1947க்கும் இடையில் 14 ஆக இறங்கிற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு மேற்குக் காடு அரசின் குடியேற்ற நிலமாயிற்று. பெண்கள் பெருகினர், தள்ளிப்போக மேற்கு இல்லை. சீதனம் மட்டும் மாறவில்லை. இன்று அயல்நாட்டில் உழைத்துத் தங்கையின் வீட்டுக்குக் கல் அனுப்பும் இளைஞனின் நெருக்கடி அங்கேதான் வேர்கொண்டது.

இந்த வரலாற்றின் சான்றுகள் சீதன உறுதிகளிலும் பள்ளிவாசல் நிக்காஹ் ஏடுகளிலும் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் அவற்றில் பலவற்றைக் கொண்டுபோயிற்று. எஞ்சியிருப்பவற்றை வீட்டார் பழந்தாள் என்று கழித்துவிடாமல் பிரதியெடுக்க இடந்தரவேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் அந்தப் பணியை இப்போதே தொடங்கவேண்டும்.