சிபாக் படிவமும் அப்பா வழி அத்தையும்

பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனை நம்மூரில் ஏன் பரவவில்லை என்று கேட்டால் எல்லாரும் விலையைத்தான் சொல்கிறார்கள். விலையும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முந்தின படியிலேயே நாம் நின்றுவிடுகிறோம் என்பது என் கட்சி.

தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில், 30 வயது தாண்டியவர்களிடம் வீடு வீடாகப் போய் நிரப்புவதற்கு ஒரு படிவம் உண்டு. சுருக்கமாக சிபாக். குடும்ப வரலாறு பற்றி அதில் ஒரே கேள்விதான்: பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உண்டா? புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. பெண்களிடம் மார்பில் கட்டி, ரத்தக் கசிவு, வடிவ மாற்றம் உண்டா என்று கேட்கிறது. இதெல்லாம் நோய் வந்தபின் தெரிகிற அடையாளங்கள்.

சரி, "புற்றுநோய்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுப் பிறழ்வு அம்மாவிடமிருந்து வருவது போலவே அப்பாவிடமிருந்தும் 50 சதவீத வாய்ப்பில் வரும். அப்பாவுக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், அவருடைய அக்காவுக்கு வந்திருக்கும். பெற்றோர், உடன்பிறந்தோரோடு நின்றுவிடும் கேள்வியில் அந்த அத்தை அகப்படமாட்டார். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. ஆனால் பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு 72 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய்க்கு 44 என்று 2017ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது.

ஸ்ரீரங்கத்தில் வம்சாவளி ஞாபகத்துக்குப் பஞ்சமில்லை. அம்மா மண்டபத்தில் அமாவாசைத் தர்ப்பணம் பண்ணுகிறவர் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்கிறார். மரபணு ஆலோசகர் வரைகிற குடும்ப வரைபடமும் இருபுறமும் மூன்று தலைமுறைதான். ஆனால் தர்ப்பண வரிசையிலும் அத்தை வரமாட்டார். எதனால் போனார்கள் என்று கேட்டால், "வயித்துல ஏதோ கட்டி"ன்னு முடிச்சிடுவாங்க.

கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில், தெருவில் தெரிந்தவரே படிவத்தோடு வந்தால் யார் வாயைத் திறப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை வாசலில் தொடங்காமல் மருத்துவமனையில் தொடங்கணும் என்கிறேன். திருச்சி அரசு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வருகிற பெண்ணுக்கு நோய் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. குடும்ப வரைபடம் சந்தேகம் தந்தால் முதலில் அவருக்குப் பரிசோதனை. பிறழ்வு கிடைத்தால், தங்கைக்கும் மகளுக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முழு மரபணுவையும் படிப்பதைவிட இது மலிவு. நோயாளி சென்னைக்கு 320 கிலோமீட்டர் அலைய வேண்டாம், ரத்த மாதிரி போனால் போதும்.

இது தெரியாத விஷயமும் இல்லை. அடையாறு புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் இந்தப் பிறழ்வுகளைத் தேடி 2003லேயே கட்டுரை வெளியிட்டார்கள். மாவட்டத்துக்கு வேண்டியது, தனியறையில் உட்கார்ந்து வரைபடம் போட்டு, முடிவைத் தமிழில் விளக்கி, ரகசியம் காக்கத் தெரிந்த ஓர் ஆள்.

அந்த ஆளை வைத்த பிறகு படிவத்தைத் திருத்தலாம். "அம்மா வழி, அப்பா வழியில், பாட்டி, சித்தி, அத்தை உட்பட யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் உண்டா? எந்த வயதில்?" இல்லை என்று சொல்பவருக்குப் பிறழ்வே இருக்காது என்று ஆகாது. ஆனால் ஆமாம் என்று சொல்பவரை அடுத்து எங்கே அனுப்புவது என்பதாவது அப்போது தெரிந்திருக்கும்.