குன்றகமும் மழையும்

கட்டடத்தின் சிறப்பை அதன் தோற்றங்கொண்டு மதிப்பிடுதல் பெருவழக்கு. அது நின்ற நிலத்தின் மழையையும் காற்றையும் எவ்வாறு எதிர்கொண்டது என வினவுதல் அருகிய வழக்கே. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில், ஹெலன்ஸ்பரோ என்னும் ஊரின் மேட்டிலே, கிளைட் கழிமுகத்தை நோக்கி நிற்கும் 'ஹில் ஹவுஸ்' இவ்வினாவிற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தமிழில் அதனைக் குன்றகம் எனலாம்.

கிளாஸ்கோ நகரத்துக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரெனி மக்கின்ரொஷ், நூற்பதிப்பாளர் வால்ற்றர் பிளாக்கியின் குடும்பத்திற்காக 1902இல் வரையத் தொடங்கி 1904இல் நிறைவுசெய்த இல்லம் இது. நரைநிறச் சாந்துச் சுவரும் கற்பலகைக் கூரையும் போதும். அணிவேலைப்பாட்டால் அன்றி, உறுப்புக்களின் திரட்சியாலேயே அழகு பிறத்தல் வேண்டும் என்பது பிளாக்கியின் விருப்பம். மக்கின்ரொஷ் உள்ளறைகளின் பயனை முதலில் வகுத்துக்கொண்டு, அதற்கேற்பவே புறவடிவை அமைத்தார். ஆதலின் சாளரங்கள் ஒத்த வரிசையில் நில்லாது, அவ்வவ்வறையின் தேவைக்கேற்பச் சிறுத்தும் பெருத்தும் அமைந்தன. புறத்தே பழைய ஸ்கொத்லாந்துக் கோட்டை வீடுகளின் இறுக்கம். அகத்தே வெண்மையும் மலர்க்கோலமும் மெல்லொளியும். கணப்படுப்பின் மேல் அவர்தம் துணைவியார் மார்கரெட் மக்டோனல்ட் செய்தளித்த சுதைப்பலகை அவ்வகத்திற்கு மேலும் பொலிவூட்டுகின்றது.

இத்துணைச் சிறப்பினதாகிய இல்லம் நீரால் நலிந்தது. பழைய கோட்டை வீடுகளின் புறப்பூச்சு சுண்ணாம்பினால் ஆயது. அது நனையும், பின்னர் உலரும். மக்கின்ரொஷ் அதன் தோற்றத்தை மேற்கொண்டு, பொருளை மாற்றினார். அக்காலத்துப் புதுப்பொருளாகிய போட்லண்ட் சீமெந்தைப் பூசுவித்தார். சுவரின் தூய வடிவம் கெடாதிருக்க, நீரை அப்பால் வழியச் செய்யும் முகட்டுக்கற்களையும் பிதுக்கங்களையும் பல இடங்களில் விலக்கினார். பூச்சு வெடித்தது, வெடிப்பின் வழிப் புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவரினுள்ளே தங்கிற்று. 1982இல் இல்லத்தைப் பொறுப்பேற்ற ஸ்கொத்லாந்து தேசிய நம்பிக்கை நிறுவனம், 2019இல் அதனைச் சுற்றிப் பெருங்கூடு ஒன்றை எழுப்பியது. மேலே கூரையும் புறத்தே உருக்கு வளையங்களாற் பின்னிய வலையும் கொண்ட அக்கூடு மழையைத் தடுத்துக் காற்றை உள்விடும். சுவர் உலர்தற்கு அது துணை. வீட்டுக்கு ஒரு வீடு குடைபிடித்தது என்க.

சீமெந்தின் இயல்பு அக்காலத்தில் முற்றும் தெளியப்படவில்லை. ஆதலின் கலைஞர்மேற் குறை கூறலாகாது என்பர் ஒருசாரார். அது ஓரளவே பொருந்தும். சாந்து புதிது, முகட்டுக்கல்லோ பழையது. முன்னோர் மழையிடம் கற்ற பாடத்தை வடிவத்தின்பொருட்டு விலக்கியமை குறையே. அகத்தைப் பயனிலிருந்து வகுத்த அறிவு, புறத்தை மழையிலிருந்து வகுக்கத் தவறிற்று.

இவ்வாராய்ச்சி புத்தளக் கரையோரத்தார்க்கு அயலானதன்று. இது உலர் வலயம். எனினும் ஐப்பசி, கார்த்திகை மழையும், ஆண்டு முழுதும் வீசும் உப்புக்காற்றும் இங்குச் சுவரைச் சோதிக்கின்றன. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை முருகைக்கல்லால் எழுந்தது. அத்தகைய கல்லுக்கு உற்ற துணை சுண்ணாம்புச் சாந்தே. பழைய வீடுகளின் விறாந்தையும் தாழ்ந்த இறவாரமும், கிடுகு வேய்ந்த எளிய குடிலின் சரிந்த கூரையுங்கூட, மழை சுவரைத் தொடாவண்ணம் காக்கும் அறிவின் வெளிப்பாடுகளே.

அதே கரையில், அருவக்காட்டுச் சுண்ணக்கல்லைக் கொண்டு பாலாவித் தொழிற்சாலை சீமெந்து ஆக்குகின்றது. புதிய கட்டடங்களுக்குச் சீமெந்து வேண்டற்பாலதே. ஆயின், பழைய சுண்ணச்சுவரின் பழுதை அதனாற் பூசி மறைப்பது குன்றகத்தின் பிழையை மீண்டும் செய்வதாகும். உள்ளே தங்கும் ஈரம் உப்பைக் கரைக்கும்; அவ்வுப்பு மீண்டும் படிகமாகுங்கால் கல்லை உதிர்க்கும். பூச்சு வழவழப்பாயிருக்கவே அதன் பின்னே சுவர் பொடியாகும்.

குன்றகம் பெருங்கலைஞர் ஒருவரின் பெரும்படைப்பு என்பதில் ஐயமில்லை. ஸ்கொத்லாந்தின் காப்புப் பட்டியலில் 'ஏ' வகுப்பில் அது இடம்பெற்றிருத்தல் தக்கதே. எனினும் வடிவத்தைப் பழமையினின்று கொள்வோர், அவ்வடிவைத் தாங்கிய பொருளறிவையும் உடன்கொள்ளல் வேண்டும் என்பதே அது கற்பிக்கும் பாடம். கற்பிட்டியின் பழஞ்சுவர்களைப் பேணுவோர்க்கு அப்பாடம் காலத்தாற் கிடைத்த உதவியாகும்.