புழுவோடு நடந்தவர்

இலத்தீனில் 'மோனியோ' என்பது ஒரு வினைச்சொல். எச்சரிக்கிறேன், அறிவுரை சொல்கிறேன் என்று பொருள். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1981இல் வெளியிட்ட 'காட் எம்பரர் ஆஃப் டூன்' நாவலில் இந்தப் பெயரைச் சுமப்பவர், அறிவுரையே வேண்டாத ஒரு பேரரசனிடம் காரியஸ்தராக இருக்கிறார். பேரரசன் இரண்டாம் லெட்டோ 3,500 ஆண்டுகளாக அண்டத்தை ஆள்பவன். வருவதை முன்கூட்டியே காண்பவன். முன்னோர் அத்தனை பேரின் நினைவும் அவன் தலைக்குள் கிடக்கிறது. ஒன்பது வயதில் மணற்புழுவின் குஞ்சுகளைத் தன் தோலோடு ஒட்டிக்கொண்டவன், இப்போது ஏழு மீட்டர் நீளத்துக்குப் புழுவாகிவிட்டான். முகமும் கைகளும் மட்டும் மனிதனுடையவை. இப்படிப்பட்டவனுக்கு ஆலோசகர் எதற்கு? இந்தக் கேள்விக்கு ஹெர்பர்ட் கண்டுபிடித்த பதில்தான் மோனியோ அட்ரைடிஸ். டூன் வரிசையின் தலைசிறந்த பாத்திரப் படைப்பு முதல் நாவலின் நாயகன் பாலோ லெட்டோவோ இல்லை, தாழ்ந்த குரலில் 'பிரபு' என்று பேச்சைத் தொடங்கும் இந்த நிர்வாகிதான் என்பது என் கட்சி.

கொடுங்கோலனின் பக்கத்தில் நிற்பவரை விண்வெளிக் கதைகள் பெரும்பாலும் இரண்டு அச்சுகளில் வார்த்துவிடுகின்றன. ஒன்று, மேசை நாற்காலி போல அவையை நிரப்புகிறவர். 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தில் பேரரசனைச் சுற்றி நீண்ட அங்கியும் விசித்திரத் தொப்பியுமாக நிற்கும் பிரமுகர்களுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. உடையின் கனம்தான் அவர்களுடைய நடிப்பு. மற்றொன்று, திரைக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுப்பவர். ஐசக் அசிமோவ் 1988இல் எழுதிய 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' நாவலின் முதலமைச்சர் எட்டோ டெமர்செல் அந்த வகை. பேரரசர் கிளியான் ஆள்வதாக ஊர் நினைக்கும். உண்மையில் காரியம் நடப்பது அமைச்சரின் கணக்குப்படி. இந்த இரண்டிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. முதல் வகைக்கு மனம் இல்லை, இரண்டாம் வகைக்கு அச்சம் இல்லை. மனமும் அச்சமும் சேர்ந்தே உள்ள ஒருவரை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்துவதுதான் கடினம்.

ஹெர்பர்ட் இதை ஒரே தாவலில் எட்டிவிடவில்லை. 1965இல் வந்த முதல் நாவலில் பேரரசன் நான்காம் ஷாடமுக்கு ஹசிமிர் ஃபென்ரிங் என்றொரு பிரபு உண்டு. பேச்சுக்கு நடுநடுவே முனகுவார். அந்த முனகலுக்குள்ளேயே மனைவி மார்கோவோடு ரகசியம் பேசுவார். அரசனின் பால்ய நண்பர், கைதேர்ந்த கொலையாளி. கடைசிக் காட்சியில் பாலைக் கொல்லும்படி அரசன் கேட்க, அவர் மறுத்துவிடுகிறார். ஒரே ஒரு மறுப்பில் ஒரு சாம்ராஜ்யம் கைமாறுகிறது. அந்த நாவலை வைத்து 2024இல் வந்த படத்தில் மார்கோ இருக்கிறார், ஃபென்ரிங் இல்லை. படத்துக்கு அது நஷ்டம். ஆனாலும் ஃபென்ரிங்கின் அழகு ஒற்றைக் கணத்தின் அழகு. ஒரு முறை 'முடியாது' என்று சொன்னால் நினைவில் நின்றுவிடலாம். மறுக்கவே மறுக்காத ஒருவரை நானூறு பக்கம் வாசகர் கண் எடுக்காமல் பார்க்கச் செய்வது வேறு வித்தை.

அந்த வித்தைக்குத் தமிழில் பொருத்தமான சொல் இருக்கிறது: குறிப்பறிதல். திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆம் அதிகாரம் அரசனின் உள்ளத்தை முகத்திலிருந்து படிப்பதைப் பற்றியது, 110ஆம் அதிகாரம் காதலியின் உள்ளத்தைக் கண்ணிலிருந்து படிப்பதைப் பற்றியது. மோனியோவின் வேலையில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. லெட்டோவுக்குள் மனிதன் பின்வாங்கிப் புழு மேலே வரும் தருணங்கள் உண்டு. அப்போது அருகில் இருப்பவர் நசுங்கிச் சாகலாம். அதற்கு மணி அடிக்காது. கண்ணில் ஒரு மங்கல், பெருத்த உடலில் ஒரு நெளிவு, துடுப்பு போலச் சுருங்கிவிட்ட கால்களில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். மோனியோ பதில் சொல்லிக்கொண்டே அதைப் பார்க்கிறார். மனைவி கணவனின் காலடி ஓசையிலேயே அன்றைய மனநிலையைக் கண்டுகொள்வது போன்ற நெருக்கம் அது; அடிவாங்கிப் பழகிய வீட்டின் நெருக்கம் என்றும் சொல்லலாம்.

இங்கே ஹெர்பர்ட்டின் தொழில் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாயகன் எல்லாவற்றையும் அறிந்தவன் என்றால் கதையில் திடுக்கிட எதுவும் மிஞ்சாது. ஊர்வலத்தின் நடுவே அரண்மனை வீரன் டங்கன் ஐடஹோவின் உருவத்தில் வேஷதாரிகள் பாய்ந்து தாக்கும் காட்சிகூட, லெட்டோவின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு தொந்தரவுதான். ஆகவே நாவலின் பதற்றம் முழுவதையும் ஹெர்பர்ட், வருவதை அறியாத ஒருவரின் உடம்பில் கொண்டுபோய் வைத்தார். நாம் லெட்டோவின் சொற்களைக் கேட்கிறோம், மோனியோவின் தொண்டை வறள்வதை உணர்கிறோம். சக்கரவர்த்தியின் வண்டிக்குப் பக்கத்தில் ஆனவரை தடுமாறாமல் நடந்துவரும் அந்த மனிதரிடமிருந்துதான் எங்கே பயப்பட வேண்டும் என்று வாசகர் கற்றுக்கொள்கிறார். போர்க்காட்சி இல்லாத பக்கங்களில் கை வியர்ப்பதன் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசானதும் அன்று. மோனியோ வெறும் கேட்புச் சுவர், லெட்டோவின் தத்துவப் பிரசங்கத்துக்கு இடையிடையே 'அப்படியா, பிரபு' என்று சொல்வதற்காக நட்டுவைத்த கம்பம் என்பார்கள். பிரசங்கம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன் பெண்படையைப் பற்றியும் ஆண்களின் இயல்பைப் பற்றியும் லெட்டோ அள்ளிவிடும் முடிவுகள் பல இன்று புளித்துப்போயின. சில அன்றே புளித்திருக்கும். ஆனால் மோனியோ கேட்கும் கேள்விகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றுக்கு ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஆபத்தான பொருளுக்கு நேராகப் போகாமல் ஒரு நிர்வாக விஷயத்தைச் சொல்லித் தொடங்குவார். பிரபு பேச்சை வேறு பக்கம் திருப்பினால் விட்டுக்கொடுப்பார். பிறகு வேறு வாசல் வழியாக அங்கேயே வந்து சேர்வார். மகள் சியோனாவைப் பற்றிய உரையாடல்கள் எல்லாம் இப்படித்தான் நகர்கின்றன. நாவலின் தொடக்கத்திலேயே அவள் கோட்டையிலிருந்து அரசனின் நாட்குறிப்புகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். ஓநாய்கள் கூட்டாளிகளை ஒவ்வொருவராகக் கிழித்துப்போட, அவள் மட்டும் ஐடஹோ ஆற்றைக் கடந்து தப்புகிறாள். அந்தக் கலகக்காரியின் தந்தை அரசனுக்குப் பக்கத்தில் நின்று அன்றாட அலுவல் பேச வேண்டும். அவளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிட அவருக்குத் துடிப்பு, கேட்கவும் முடியாது. ஒரு சொல்லும் உரக்க விழாத இந்தக் காட்சிகளை வசனக் கலைக்குப் பாடமாக வைக்கலாம்.

ஆலோசகர் எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. லெட்டோவுக்குத் தகவல் வேண்டாம், யோசனை வேண்டாம். தன் பேச்சு இன்னும் ஒரு மனித முகத்தில் படுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மோனியோவின் அச்சம் அவனுக்கு ஓர் அளவுகோல். எவ்வளவு தூரம் புழுவாகிவிட்டோம் என்பதை அந்த முகத்தில்தான் அவன் வாசிக்கிறான். ஆக, குறிப்பறிதல் இருபக்கமும் நடக்கிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அடிமைத்தனத்தை இவ்வளவு நயமாகத் தீட்டுவது அதற்கு நகை பூட்டுவதாகாதா? மோனியோவும் ஒருகாலத்தில் கலகக்காரர். லெட்டோ அவரைச் சோதனைக்கு உட்படுத்தி, தன் 'பொற்பாதை' தவறினால் மனித இனம் அழியும் என்பதைக் காட்டுகிறான்; அதைக் கண்டபின் அவர் சேவகராகிறார். கலகக்காரர்களில் தேறியவர்களை நிர்வாகிகளாக்குவது அந்த அரசின் வழக்கம். உண்மையைக் கண்டவர் பணிவதில் இழிவு இல்லை என்று இதற்கு நியாயம் கற்பிக்கலாம். ஹெர்பர்ட் அந்த நியாயத்தை மோனியோவுக்குக் கொடுக்கவில்லை. அதே சோதனையை, சாரீர் பாலைவனத்தில், மகளுக்கும் வைக்கிறார். அவளும் அழிவைப் பார்க்கிறாள், பாதை உண்மைதான் என்று ஏற்கிறாள். ஏற்றபிறகும் அவள் பகை குறையவில்லை. தந்தை எந்தக் காட்சியைக் கண்டு வேலைக்குச் சேர்ந்தாரோ, அதே காட்சியைக் கண்டபின்னும் மகள் லெட்டோவைக் கொல்லும் திட்டத்தைக் கைவிடவில்லை. கண்டவர் யாராயினும் பணிந்தே தீர வேண்டும் என்ற வாதம் அங்கே உடைந்துபோகிறது. மோனியோ பணிந்தது மோனியோவின் தேர்வு.

டங்கன் ஐடஹோவை எதிரே நிறுத்தியதும் இதே நோக்கில்தான். பழைய வீரன் ஒருவனின் நகல்களை உயிரணுவிலிருந்து வளர்த்து அரசனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவனும் ஒருநாள் வெறுத்து எழுகிறான், சாகிறான், அடுத்தவன் வருகிறான். புதிதாக வந்தவனுக்கு அரண்மனை நடைமுறையைச் சொல்லிக்கொடுப்பது மோனியோவின் வேலை. டங்கன் அவரைக் கோழை என்று இகழ்ந்து கை ஓங்கும்போது, தன் குலத்தில் தலைமுறை தலைமுறையாக லெட்டோ இனம்சேர்த்து வளர்த்த வேகத்தால் அவர் அவனை எளிதாக அடக்கிவிடுகிறார். அடக்கிவிட்டுப் பழையபடி அலுவலுக்குத் திரும்புகிறார். பலம் இல்லாததால் பணிந்தவர் என்ற சாக்கும் இதோடு போயிற்று. டங்கனின் வெறுப்பில் நியாயம் இருக்கிறது என்பதையும் நாவல் மறைக்கவில்லை.

ஹெர்பர்ட் நாவலாசிரியராகப் புகழ்பெறும் முன் பத்திரிகையாளர். 1954இல் ஆரிகன் மாநிலத்து செனட்டர் கை கார்டனுக்கு உரை எழுதித்தரும் பணியில் வாஷிங்டனில் இருந்தார். அதிகாரத்தின் வாய்க்குச் சொல் தருபவர் எந்த இடத்தில் நிற்பார், எப்போது வாயை மூடுவார் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மோனியோவின் நாள் முழுதும் பயண ஏற்பாடு, தூதர் வரிசை, விழாவுக்கு யாரை எங்கே நிறுத்துவது என்றே கழிவதில் அந்தப் பரிச்சயம் தெரிகிறது.

முடிவும் அலுவலின் நடுவேதான் வருகிறது. தூதர் ஹ்வி நோரியோடு லெட்டோவின் திருமணத்துக்காக ஊர்வலம் புறப்படுகிறது, ஐடஹோ ஆற்றின் மேலுள்ள பாலத்துக்கு வருகிறது. சியோனாவின் ஆணைப்படி நைலா என்ற வீராங்கனை ஒளிக்கற்றைத் துப்பாக்கியால் பாலத்தை அறுக்கிறாள். சியோனாவுக்குக் கீழ்ப்படி என்று அவளுக்குக் கட்டளையிட்டிருந்தவனே லெட்டோதான். பேரரசன், மணப்பெண், மோனியோ மூவரும் விழுகிறார்கள். லெட்டோவுக்கு ஆற்றங்கரையில் கிடந்து பேசிவிட்டுச் சாக நேரம் கிடைக்கிறது. மோனியோவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.