தஞ்சாவூர்ப் படத்தை ஓரமாக நின்று பாருங்கள்

தஞ்சாவூர் ஓவியத்துக்கு நேர் எதிரே நின்றால் தங்கம் கண்ணைப் பறித்துவிடும், வேறெதுவும் தெரியாது. கொஞ்சம் விலகி, பக்கவாட்டில் போய் நில்லுங்கள். படத்திலுள்ள கண்ணனின் கிரீடமும் மாலையும் பலகையை விட்டு எழும்பி நிற்பது அப்போதுதான் பிடிபடும். படத்தில் பாதி வேலை வண்ணம் குழைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பதும் புரியும்.

மரப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழவென்று தேய்ப்பார்கள். அதன்மேல் உருவத்தை வரைந்துகொண்டு, நகை, தூண், திரைச்சீலை வரும் இடங்களில் கற்களைப் பதித்து, பொடியும் பசையும் சேர்ந்த மாவால் மேடு கட்டுவார்கள். இதுதான் மக்கு வேலை. மேட்டின்மேல் தங்க ரேக்கை ஒட்டி அழுத்தும்போது அடியிலிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தங்கத்தில் எழும்பி வரும். பிறகுதான் வண்ணம்.

மேடு நகைக்கும் உடைக்கும் மண்டபத்துக்கும்தான். கண்ணனின் உடம்பில் கிடையாது. கன்னம், தோள், தொப்பை எல்லாம் வண்ணத்தின் நிழலால் மட்டுமே உருண்டு வருகின்றன. தங்கம் முடியும் இடத்தையும் மேனி தொடங்கும் இடத்தையும் அருகில் போய்ப் பாருங்கள். அங்கே ஓடும் மெல்லிய கோடு நடுங்காமல் இருந்தால் அது தேர்ந்த கை. என் கணக்கில் ஓவியரை எடைபோட வேண்டிய இடம் அந்தக் கோடும் கண்ணனின் கண்களும்தான். கற்களின் எண்ணிக்கை அல்ல.

இந்தக் கலை இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) செழித்தது. பூஜை அறையிலும் பஜனை மடத்திலும் எண்ணெய் விளக்கொளியில் இருந்த படங்கள் இவை. சுடர் அசைந்தால் மேடுகளின்மேல் ஒளியும் அசையும். டியூப் லைட் வெளிச்சத்தில் அது செத்துப்போகிறது. வீட்டில் படம் இருந்தால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஓர் அகலை ஏற்றிப் பாருங்கள், அதே படமா என்று கேட்பீர்கள்.

மைசூர் ஓவியத்திலும் தங்க ரேக்கு உண்டு, ஆனால் மேடு மிகவும் மெல்லியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தஞ்சாவூரின் கனம் தெரியும்.

வாங்கப் போகிறவர்கள் விலைக்கு முன் ரேக்கைப் பற்றிக் கேளுங்கள். 22 காரட் ரேக்கு பல தலைமுறைக்கும் பளபளக்கும். போலி ரேக்கு சில ஆண்டுகளில் மங்கிக் கறுக்கும், அதைத் துடைத்து மீட்க முடியாது.