ஒற்றரும் வலையும்

அமெரிக்காவின் நியூபர்க் நகரைச் சேர்ந்த நால்வர் 2009இல் கைதாயினர். யூத ஆலயங்களின் முன் அவர்கள் வைத்த குண்டுகள் வெடிக்கா. கொடுத்தவன் அரசின் கையாள். இரண்டரை இலட்சம் டொலர் தருவதாக ஆசை காட்டியவனும் அவனே! நால்வருக்கும் 25 ஆண்டுச் சிறை விதித்த நீதிபதியே, 2023இல் அவர்களுள் மூவரை விடுவிக்குமாறு ஆணையிட்டு அரசைக் கடிந்துரைத்தார். குண்டு வைக்க இசைந்தவன் நல்லவனல்லன் என்பர், உண்மையே. ஆயின், கையாள் வாராதிருப்பின் அவன் அச்செயலுக்குத் துணிந்திருப்பானா என்பதே வினா.

புளியந்தீவிலிருந்து நோக்குங்கால், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ளது வவுணதீவு. 2018 நவம்பர் 30இல் அங்கே பொலிஸார் இருவர் கொல்லப்பட்டனர். பழி முன்னாள் போராளி ஒருவர்மீது விழ, அவர் மாதக்கணக்கில் மறியலில் இருந்தார். கொன்றவர் காத்தான்குடிச் சஹ்ரானின் குழுவினர் என்பது உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரே வெளியாயிற்று.

அத்தாக்குதல் பற்றி இந்தியா 2019 ஏப்ரல் 4இலேயே எச்சரித்திருந்தது. இலங்கை உளவுத்துறைக்கு வலை விரிக்கும் வேலையே இருக்கவில்லை. தேவாலயங்களுக்கு அறிவித்தாற் போதும். பதினேழு நாள்கள் கழிந்தன. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் சிறுவர்களும் மாண்டனர். கடமை தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.