கையை விட்டால் நிற்குமா?

விவசாயக் கருவிக் கடைக்குப் பெட்ரோல் பவர் வீடர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் எத்தனை ஹெச்.பி. என்று, அடுத்து, மானியம் உண்டா என்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொல்லைக்கும் தென்னந்தோப்புக்கும் ஆள் கிடைக்காத காலத்தில் இந்தச் சின்ன இயந்திரம் வந்து சேர்ந்திருக்கிறது. காசு போடுகிறவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். ஆனால் இந்த இயந்திரத்தின் தரத்தை முடிவுசெய்யும் கேள்வி வேறொன்று: ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டால் கத்தி நிற்குமா, நிற்காதா? நிற்காது என்றால் மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே இந்த விமர்சனத்தின் கட்சி.

பார்வைக்கு எளிய அமைப்புதான். மேலே பெட்ரோல் இன்ஜின், கீழே கியர் பெட்டி, அதிலிருந்து இருபுறமும் நீளும் தண்டில் வளைந்த கத்திகள், பின்னால் இரண்டு கைப்பிடிகள், நடுவில் மண்ணில் ஊன்றும் ஓர் இரும்புக் கம்பி. இந்த வகை இன்ஜின்களில் பேர்போன ஹோண்டா ஜிஎக்ஸ்160-இன் கொள்ளளவு 163 சிசி; 3600 சுற்றில் அது தருவது 4.8 குதிரைத்திறன். கடையில் ஏழு ஹெச்.பி. என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் 200 சிசியை ஒட்டியவை. பெரிய பவர் டில்லரின் குட்டி என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். பவர் டில்லரில் சக்கரம் வண்டியை இழுக்கும், ரோட்டரி மண்ணைக் கிளறும். இரண்டுக்கும் தனித்தனி வேலை. வீடரில் பல மாடல்களுக்கு ஓடும் சக்கரமே கிடையாது. மண்ணை வெட்டுவதும் கத்தி, முன்னே நடப்பதும் அதே கத்தி. பின்னால் ஊன்றிய கம்பி இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் கத்தி நின்ற இடத்தில் சுழன்று ஆழம் போகும். கைப்பிடியை அமுக்கினால் கம்பி இறங்கி ஆழம் கூடும். கொஞ்சம் தூக்கினால் வண்டி முன்னேறும். காய்ந்து இறுகிய தரையிலோ தடித்த வேரிலோ கத்தி இறங்க முடியாமல் மேலே ஏறிக்கொண்டால், வெட்ட மண் இல்லாத அந்தக் கத்தி சக்கரமாகி ஓடத் தொடங்கிவிடும்.

எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கத்தி சுழலும் வட்டத்தின் விட்டம் 35 செ.மீ., நிமிடத்துக்கு 100 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 1.1 மீட்டர், நொடிக்கு 1.8 மீட்டர். மணிக்கு 6.6 கி.மீ., அதாவது வேக நடை. திடுக்கிட்டவர் என்ன நடந்தது என்று உணர்ந்து கையை அசைக்க முக்கால் நொடி ஆகும். அதற்குள் இயந்திரம் 1.4 மீட்டர் போயிருக்கும். முன்னால் பாய்ந்தால் கன்று போகும், வரப்பு போகும், ஆள் தப்பிப்பார். ரிவர்ஸில் கதை வேறு. வேகம் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும் முக்கால் நொடியில் ஏறக்குறைய 70 செ.மீ. பின்னால் வரும், கத்திக்கும் ஓட்டுகிறவர் பாதத்துக்கும் நடுவே இருப்பது அநேகமாக ஓர் எட்டுதான். முதுகுக்குப் பின்னால் தென்னை மரமோ மோட்டார் கொட்டகைச் சுவரோ இருந்தால் விலக வழியும் இல்லை. நடந்துகொண்டே ஓட்டும் உழவு இயந்திரங்களை நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் ஜப்பானில், பின்னோக்கி வரும்போது ஆள் நசுங்குவதும் கத்தியில் சிக்குவதும் அடிக்கடி எச்சரிக்கப்படும் விபத்துகள். கையை எடுத்ததும் கிளட்ச் விடுபடும் அமைப்பை அங்கே வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். ஐரோப்பாவின் ஈஎன் 709 தரவிதியும், ஓட்டுகிறவர் பிடியை விட்டால் இயந்திரம் நிற்க வேண்டும் என்கிறது.

நம் சந்தையில் இரண்டு விதமான பிடிகளும் வருகின்றன. ஒன்றில் கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் கத்தி சுழலும். மற்றொன்று மோட்டார் சைக்கிள் கிளட்ச் மாதிரி: அழுத்தினால் நிற்கும், விட்டால் ஓடும். பைக் ஓட்டிப் பழகிய கைக்கு இரண்டாவதுதான் இயல்பாகப் படும். கடைக்காரரும் அதையே ஒரு வசதியாகச் சொல்வார். ஆனால் தடுக்கி விழுகிறவர் எந்தப் பிடியையும் தேடி அழுத்திக்கொண்டிருக்க மாட்டார். விழுந்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் கத்தி அவருடைய கெட்டிக்காரத்தனத்தைக் கேட்டு நிற்காது. இங்கே ஒரு நல்ல மறுப்பு உண்டு. பதற்றத்தில் மனிதர் கையை விடுவதில்லை, இன்னும் இறுக்கித்தானே பிடிக்கிறார்? உண்மைதான். தொழிற்சாலை ரோபோக்களின் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டியில் அதற்காகவே மூன்று நிலைப் பொத்தான் வைக்கிறார்கள். விட்டாலும் நிற்கும், அளவுக்கு மீறி இறுக்கினாலும் நிற்கும். வீடருக்கு அந்த அமைப்பு வரும்வரை, அழுத்தினால் மட்டும் ஓடும் பிடி பாதி ஆபத்தையாவது அடைக்கிறது. மீதிப் பாதிக்கு வழி, ரிவர்ஸ் போடும் முன் ஆக்ஸிலேட்டரை முழுக்கக் குறைப்பது. நாள் முழுக்க அழுத்தினால் விரல் மரத்துப்போகிறது என்று பிடியை டியூப் ரப்பரால் கட்டிவைத்தால், காசு கொடுத்து வாங்கிய ஒரே காவலைக் கட்டிப்போட்டதாகத்தான் அர்த்தம். விரல் மரத்தால் அரைமணிக்கு ஒருமுறை இறக்கிவைக்கலாம். அதிர்வுக்கும் அதுவே மருந்து.

12, 13 குதிரைத்திறன் டீசல் பவர் டில்லர்கள் டெல்டாவில் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றனவே, இந்தக் குட்டிக்கு மட்டும் என்ன பயம் என்று கேட்கலாம். பவர் டில்லரை ஓட்டுகிறவருக்கு அதுவே பிழைப்பு. குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் பூராவும் கை பழகியிருக்கும். வீடரை வாங்குகிறவர் வீட்டுக்காரர். வருஷத்தில் நாலைந்து நாள் தொடுவார். எடை குறைவு என்பதே அது துள்ளுவதற்கும் காரணம். சட்டமும் இதில் பெரிய துணை இல்லை. 1983-இல் வந்த அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், கதிரடிக்கும் இயந்திரத்தில் கையிழந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. களையெடுக்கும் இயந்திரம் அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை.

இனி மண்ணுக்கு வருவோம். எந்த மண்ணில், எந்தப் பதத்தில் ஓட்டுகிறோம் என்பதில்தான் பாதி பாதுகாப்பு இருக்கிறது. கையேடுகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மண் ஆய்வாளர்கள் களத்தூர் வகை என்று பெயரிட்ட பழைய டெல்டாவின் களிமண் ஈரத்தில் கத்தியோடு ஒட்டிக்கொண்டு உருண்டையாகத் திரளும்; காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகும். இரண்டுக்கும் நடுவே பதம் சில நாள்தான் நிற்கும். கத்தி இறங்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டிக் கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். நாடா போல நீண்டால் ஈரம் அதிகம். உருளவே மறுத்தால் காய்ந்துவிட்டது. காய்ந்த களியில் ஓட்டத்தான் வேண்டும் என்றால், முந்தின நாள் லேசாகத் தண்ணீர் விட்டு, முதல் ஓட்டத்தில் இரண்டு விரற்கடை மட்டும் கிளறி, அடுத்ததில் ஆழம் போகலாம். ஒரே மூச்சில் ஆழம் பார்க்கிறவருக்குத்தான் இயந்திரம் துள்ளும். கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம், செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம். காவிரி, கொள்ளிடக் கரைப் படுகைகளில் பொலபொலவென்ற வண்டல். இந்த மண்ணில் வீடர் சொன்னபடி கேட்கும். நெல்லுக்கான சேற்று உழவுக்கு இதை இறக்குவது வீண்வேலை. கால் புதையும் இடத்தில் பின்வாங்கவும் முடியாது. புழுதிக்குப் பிறந்த கருவி இது.

தோப்புக்கென்று தனி அபாயங்களும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக நட்ட கன்றுகளின் இடைவெளியில் களையெடுக்க வீடர் பொருத்தமான கருவி. ஆனால் அந்த இடைவெளியில் புல் மட்டுமா இருக்கிறது? மட்டை, பாளை, சொட்டுநீர்க் குழாய், வேலியிலிருந்து கிழிந்து விழுந்த சேலை, நைலான் வலை, போர்வெல்லுக்குப் போகும் மின்கேபிள். கேபிள் போகும் தடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைக்காமல் அந்தப் பக்கம் இயந்திரத்தைக் கொண்டுபோகவே கூடாது. வலையோ சேலையோ கத்தியில் சுற்றினால் இன்ஜின் திணறி நிற்கும், அல்லது நிற்பதுபோல் இருக்கும். இன்ஜினை அணைக்காமல், கிளட்சை மட்டும் விட்டுவிட்டுக் குனிந்து கையை வைக்கும் அந்தக் கணம்தான் விரல் போகிற கணம். அணைக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்ற வேண்டும், பிறகுதான் அரிவாளால் அறுக்க வேண்டும். அரை நிமிஷ வேலை.

உடுப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கைலியும் தோளில் துண்டும் சுழலும் தண்டுக்குத் தோதான இரை. முழுக்கால் சட்டையும் கெட்டியான பூட்ஸும் போதும். வெயிலில் பூட்ஸ் வேகும் என்றால் விடிகாலையில் ஓட்டுவது மேல். மண்ணின் ஈரமும் அப்போதுதான் கொஞ்சம் இருக்கும். காதுக்கு ஒரு அடைப்பான். பத்தடிச் சுற்றில் பிள்ளைகள் கூடாது.

பெட்ரோலைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் அடைக்கும். இது பாதுகாப்பு விஷயமும்கூட, ஏனென்றால் ஸ்டார்ட் ஆகாத இயந்திரத்தோடு மல்லுக்கட்டும்போதுதான் எது எந்தக் கியரில் இருக்கிறது என்பதை மறந்து கயிற்றை இழுப்பார்கள். பருவம் முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினால் அடுத்த வருஷம் இந்தத் தொல்லை இல்லை. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பதும், மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்க்கும் என்பதும் தெரிந்த விஷயங்கள்தான், தெரிந்தே மீறப்படுபவையும்கூட.

படுகையில் வாழையோ காய்கறியோ வைத்திருப்பவரும், புது டெல்டாவில் இளந்தோப்பு வைத்திருப்பவரும் இதைத் தாராளமாக வாங்கலாம். களிமண் கொல்லைக்காரருக்கு வாடகைதான் லாபம். மானியத்தில் வருவது சோதிக்கப்பட்ட இயந்திரம்தானே என்பவர்கள் அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, நிறுத்தும் பிடியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். கடையிலேயே கத்தி தரையில் படாமல் தூக்கிவைத்து ஓடவிட்டு, முன் கியரிலும் ரிவர்ஸிலும் பிடியை விட்டுப் பார்க்கலாம். சும்மா ஓடும் வேகத்திலேயே கத்தி சுழன்றால் கிளட்ச் கேபிள் சரியில்லை. புதிதில் ஒழுங்காக நிற்கும் இயந்திரமும் கேபிள் தளர்ந்தோ துருப்பிடித்தோ ஒரு மழைக்காலத்துக்குள் இந்த நிலைக்கு வந்துவிடும் என்பதால், இதே சோதனையை ஒவ்வொரு பருவத்திலும் முதல் நாள் செய்துவிட்டே தோப்புக்குள் இறங்க வேண்டும்.