கருதலளவையும் இறையுண்மையும்: ஆளவந்தார், இராமானுசர் நிலைப்பாடுகள்

இறையுண்மையைக் கருதலளவையால் நிறுவ இயலுமா என்னும் வினாவில் வைணவ ஆசாரியர் இருவர் எதிரெதிர் நிற்கின்றனர்.

ஆளவந்தாரின் சித்தித்திரயத்துள் ஒன்றாகிய ஈசுவரசித்தி, மீமாம்சகரை மறுத்து எழுந்தது. உலகம் உறுப்புகளை உடையது. உறுப்புடையது செய்யப்பட்டதாதல் வேண்டும். செய்யப்பட்டதற்கு அறிவுடைய செய்வோன் ஒருவன் வேண்டும் என்பது அதன் வாதம். நையாயிகர் வழியும் இதுவே. சைவத்தில் மெய்கண்டாரும் சிவஞானபோத முதல் நூற்பாவில், தோற்றமும் அழிவும் உடைய உலகைக் கொண்டே இறைவனை நிறுவுவர்.

இராமானுசரோ பிரமசூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்திற்குப் பாடியம் வகுக்குமிடத்து இவ்வாதத்தை அடியோடு தகர்க்கிறார். குடங்கள் யாவும் ஒரே காலத்தில் ஒரே குயவனால் வனையப்பட்டவை அல்ல. அங்ஙனமாக, மலையும் கடலும் ஒருகாலத்தில் ஒருவனால் ஆயின என்பதற்குச் சான்று யாது? புண்ணிய மிகுதியால் பேராற்றல் பெற்ற உயிர்களே அவற்றைச் செய்திருத்தல் கூடாதா? மேலும், உடலில்லாதவன் தொழில் செய்தலை யாண்டும் கண்டிலோம். இறைவனுக்கு அழியாவுடல் உண்டெனின், உறுப்புடைய அவ்வுடல் நித்தியமாதல் போல உறுப்புடைய உலகும் நித்தியமாகலாம், படைப்போன் வேண்டா. வீட்டையும் கப்பலையும் பலர் கூடிக் கட்டுவதுபோல் உலகையும் தெய்வங்கள் பல கூடிப் படைத்திருக்கலாமே என்னும் வினாவை இயூம் எழுப்பிய நூல் வெளிவந்தது 1779இல்தான்.

இயூமின் ஐயம் இறைக்கொள்கையையே அசைப்பது. இராமானுசரின் ஐயம் மறையைக் காப்பது. பிற அளவைகளால் அறியப்படாததை உணர்த்துவதே சாத்திரம். கருதலே போதுமெனில் உபநிடதம் மிகையாகிவிடும். இவ்விளக்கம் பலரும் அறிந்ததே. இதனினும் ஆழமான காரணம் குயவன் உவமையிலேயே உள்ளது என்பது என் கருத்து. குயவன் மண்ணுக்குப் புறத்தே நிற்பவன். உயிரையும் உலகையும் தன் உடலாகக் கொண்டு, முதற்காரணமும் நிமித்தகாரணமும் தானேயாகி நிற்கும் பிரமத்திற்கு அவன் எவ்வாறு உவமையாவான்? வாதம் முற்றாக வென்றாலும் அது நிறுவும் கடவுள் இராமானுசரின் கடவுள் அல்லன்.

மறைந்த ஆளவந்தாரின் மடங்கிய மூன்று விரல்கள் முன் இராமானுசர் செய்த சூளுரைகளுள் ஒன்று பிரமசூத்திரத்திற்கு உரை காண்பது எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். அச்சூளை நிறைவேற்றிய நூலிலேயே ஆளவந்தாரின் வாதம் வீழ்கிறது. ஈசுவரசித்தி முழுமையாகக் கிடைக்கவில்லை. எனவே அவரது முடிவு வேறாக இருந்திருக்கலாம் எனச் சமாதானம் கூறலாம். கிடைத்த பகுதி அதற்கு இடந்தருவதாகத் தோன்றவில்லை. நீலகேசியிலும் சித்தியார் பரபக்கத்திலும் மறுக்கப்படும் கொள்கை புறச்சமயத்தாருடையது. இங்கோ அது பரமாசாரியருடையது. மரபு இரு நூல்களையும் போற்றி வைத்துள்ளது.